அந்த வீடியோவில் நிற்பது நாங்கள்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுப் போகலாம். கோபப்பட நினைப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மூன்று கிழமைக்கு முன்னால் பாடசாலை விட்டு, மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது பத்தாம் தரத்துப் பிள்ளையொருவன் பக்கத்தில் வந்தான். சலாம் சொன்னான். போனை நீட்டினான்.

"சேர், இது நீங்களா?"

நாற்பது செக்கன் வீடியோ. பழைய நோக்கியா போனில் எடுத்திருக்க வேண்டும், முகமெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிகிறது. மேடையில் ஒரு பாண்ட். கீழே குதிக்கிற பொடியன்கள். அதில் மூன்று பேர் தோளில் தோள் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் நிற்பவனுடைய ஒரு காலில் செருப்பில்லை.

"இல்லையே, வேற யாரோ" என்றோம்.

"சொரி சேர்" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் ஏறவேண்டிய பஸ் அங்கேயே நின்றது. அதில் ஏறாமல் நடந்து போனான்.

'நாங்கள்' என்று எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். அந்த வீடியோவில் நிற்கும் மூன்று பேரில் ஒருவர் இப்போது கட்டாரில் இருக்கிறார், ஒருவருக்குக் கட்டுகஸ்தோட்டையில் கடை, ஒருவர் ஆசிரியர். பஸ் நிலையத்தில் பொய் சொன்னது ஒருவர்தான். மற்ற இருவரிடமும் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, "நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம்" என்றார்கள். ஆகவே பொய்யும் பொது, பதிவும் பொது.

மேடையில் இருந்தது பரனொய்ட் எர்த்லிங். கண்டியில் 2001இல் தொடங்கிய பாண்ட். கொழும்பில் பிறந்து இங்கே வந்து பாடிவிட்டுப் போனவர்கள் அல்ல, இந்த மலைக்குள்ளேயே முளைத்தவர்கள். முன்னால் நின்று பாடுபவர் மிர்ஷாத் பக்மன். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது எங்களுக்கு ஏற்பட்ட திகைப்பைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. மிர்ஷாத் என்பது எங்கள் வகுப்பு இடாப்பில் இருக்கக்கூடிய பெயர். இங்கிலீஸில் ரொக் பாடுகிறவர்களுக்கெல்லாம் ஜோன், டேவிட் என்றுதான் பெயர் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

அவர்களுடையது பங்க்கா, கிரஞ்சா என்று தெரிந்தவர்கள் சண்டை பிடிப்பார்கள். கிரஞ்ச் என்பதே பங்க்கின் தம்பி பிள்ளைதான். அவர்களுடைய பாட்டொன்றின் பெயரே 'ரொக் அன் ரோல் இஸ் மை அனார்க்கி'. பங்க் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் வேலையில்லாத, காசில்லாத பொடியன்கள் தொடங்கிய சத்தம். மூன்று கோர்ட் தெரிந்தால் போதும். நன்றாகப் பாடத் தேவையில்லை, நல்ல உடுப்புத் தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை. அந்தக் கடைசி விஷயம்தான் எங்களை இழுத்தது. நாங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டு வளர்ந்த பிள்ளைகள்.

எங்களுக்கு இங்கிலீஸ் ஒழுங்காகத் தெரியாது. தமிழ் மொழிமூலம். நகரத்துப் பெரிய பாடசாலைப் பொடியன்கள் பேசும் இங்கிலீஸைக் கேட்டால் வாய் தானாகவே மூடிக்கொள்ளும். நிர்வாணா என்ற பெயரை நெட் கபேயில்தான் கண்டுபிடித்தோம். 1991இல் வந்த 'நெவர்மைண்ட்' எங்களுக்குக் கிடைத்தது 2005இல், கொப்பி பண்ணிய சீடியில், கடைசி இரண்டு பாட்டும் விக்கி விக்கி. வரிகளில் பாதி விளங்கவில்லை. அந்தப் பாட்டுகளில் பாதி இங்கிலீஸ்காரர்களுக்கே விளங்காது என்று பிறகு அறிந்தபோது பெரிய ஆறுதல்.

ஏ.எல். எழுதிவிட்டு இருந்த காலம். நகரத்தில் ஒரு மண்டபம். இன்று அதில் கல்யாணங்கள் நடக்கின்றன, உங்களில் சிலர் அங்கே சவன் சாப்பிட்டும் இருப்பீர்கள். டிக்கெட் முந்நூறு ரூபாய். மூன்று பேருக்குத் தொள்ளாயிரம். எப்படிச் சேர்த்தோம் என்பதை எழுதினால் கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரரின் மூத்த நானா இன்றும் கணக்குக் கேட்பார். வீட்டில் சொன்னது, பேராதனையில் செமினார்.

வாசலில் கையை நீட்டச் சொன்னார்கள். மணிக்கட்டில் ஊதா மையில் ஒரு சீல் அடித்தார்கள். உள்ளே போனால் மேடையில் பாடசாலைப் பொடியன்களின் பாண்ட் ஒன்று. யாரோ ஒருவருடைய பாட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள், கிட்டார் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். கல்யாண வீட்டில் அழைப்பில்லாமல் வந்தவர்கள் நிற்பார்களே, அப்படி. ஒருவர் டீசேர்ட் போட்டிருந்தார். மற்ற இருவரும் இஸ்திரி போட்ட கோடன் சேர்ட். செமினாருக்குப் போகிறவன் கறுப்பு டீசேர்ட்டில் எப்படி வீட்டை விட்டு இறங்குவது?

பிறகு பரனொய்ட் எர்த்லிங் ஏறினார்கள்.

சத்தத்தைப் பற்றி எழுத முயன்று நாலு தடவை அழித்துவிட்டோம். சீடியில் கேட்ட சத்தம் காதில் விழுந்தது. இது காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. ட்ரம்ஸ் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் சேர்ட் துணி உடம்பில் ஆடியதை நாங்கள் மூவருமே ஒரேமாதிரி நினைவு வைத்திருக்கிறோம். முதல் பாட்டு முடியுமுன் முன்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் இடிக்கத் தொடங்கினார்கள். அடிபிடி என்று நினைத்து நாங்கள் கதவைத் தேடினோம். பார்த்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அதற்கு மொஷ் என்று பெயர். வட்டமாக இடம்விட்டு, அதற்குள் பாய்ந்து, தோளால் இடித்து, தள்ளப்பட்டு, திரும்பப் பாய்வது. பார்க்கக் கலவரம் மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. உலகத்தில் எந்த ஊரில் பங்க் பாண்ட் வாசித்தாலும் அந்தச் சட்டம் ஒன்றுதான். ஒருவன் விழுந்தால் பக்கத்தில் நிற்கும் எல்லோரும் அந்த இடத்திலேயே நின்று அவனைத் தூக்க வேண்டும். எழுதி ஒட்டுவதில்லை. யாரும் சொல்லித் தருவதுமில்லை.

எங்களுக்கு அது தெரிந்தது விழுந்ததால்தான். எப்படி உள்ளே போனோம் என்பதில் இன்றும் மூன்று கதை உண்டு. விழுந்தது மட்டும் உண்மை. சீமெந்து நிலம். மேலே ஒரே கால்கள். ஒரு செக்கன் 'முடிந்தது' என்று நினைத்தோம். அடுத்த செக்கன் அக்குளுக்குள் நாலைந்து கைகள். தூக்கி நிறுத்திவிட்டார்கள். ஒருவன் சிங்களத்தில், "மச்சான், ஹொந்தாய்த?" என்று கேட்டுவிட்டு, எங்கள் தலையைச் சுத்திப் பார்த்து இரத்தம் இல்லையென்று தெரிந்ததும் திரும்பப் பாய்ந்துவிட்டான். செருப்பொன்று போனது அப்போதுதான். பெயர் கேட்கவில்லை, எந்தப் பாடசாலை என்று கேட்கவில்லை. கண்டியில் பிறந்து பதினெட்டு வருடத்தில், பெயரையும் ஊரையும் கேட்காமல் ஒருவர் எங்களைத் தொட்டுத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

மஃரிப் அன்று களாவானது. அதை மறைத்து எழுதினால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இங்கே தொடங்க வேண்டாம், அதற்கு ஹஸரத்மார் இருக்கிறார்கள். நாங்கள் பத்வா எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறோம்.

வெளியே வந்தபோது காது இரண்டும் ஊங்கென்று இரைந்துகொண்டிருந்தது. யுத்த காலம். 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு மாளிகைக்கு முன்னால் உள்ள பாதையில் வாகனம் விடுவதில்லை. ஒற்றைச் செருப்போடு சோதனைச் சாவடி தாண்டுவது நல்லதில்லை என்று மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்தோம். ஒருவருக்கொருவர் கத்திப் பேசினோம், கத்துகிறோம் என்பதே தெரியாமல்.

அடுத்த நாள் ஸுபஹுக்குப் பள்ளி ஹவ்ழில் வுழூச் செய்யும்போதுதான் சீல் மாட்டிக்கொண்டது. சோப் போட்டாலும் போகாத ஊதா மை. எங்களில் ஒருவருடைய வாப்பா பக்கத்தில் இருந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன சீல்?"

"செமினார்ல அடிச்சது வாப்பா."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "மை நிறம்தானே, தண்ணி படும். வுழூ கூடும். தொழு" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. செமினாருக்குச் சீல் அடிப்பதில்லை என்று தெரியாத மனிதரல்ல அவர். இப்போது மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

அந்த வாப்பாதான் சிறு வயதில் கண்ட றிபாயி ராத்திபைப் பற்றிச் சொல்லுவார். றபான் அடி ஏற ஏற, பக்கீர்மார் உடம்பு அசைவது, ஊசி கத்தி எடுத்துக்கொள்வது, பார்த்துக்கொண்டிருக்கிற சனத்துக்கு உரோமம் சிலிர்ப்பது. அது சரியா பிழையா என்று இன்று ஊருக்கு ஊர் பிரிந்து நிற்கிறோம். அதற்குள் நாங்கள் போகவில்லை. றபான் பாட்டில் சொல் விளங்கியதா என்று வாப்பாவிடம் கேட்டதற்கு, "சொல்லு எங்க விளங்கிச்சு, அடிதான் விளங்கிச்சு" என்றார். எங்களுக்கும் அதுதான். இங்கிலீஸ் தெரியாதவன் ரொக் ஷோவில் என்ன செய்கிறான் என்று கேட்பவர்களுக்கு வாப்பாவின் அந்தப் பதிலைத்தான் சொல்லலாம்.

வீடியோ கிடைத்த பிறகு மூவரும் உட்கார்ந்து (ஒருவர் தோஹாவில் உட்கார்ந்து) நினைவுகளை ஒப்பிட்டோம். பெரிய ஏமாற்றம். ஒருவர் அன்று மழை என்கிறார். ஒருவர் நடுவில் கரண்ட் போய், இருட்டில் சனம் கையைத் தட்டிப் பாட்டைத் தொடர்ந்தது என்கிறார். அது வேறொரு நாளாக இருக்கலாம். குறைந்தது ஐந்நூறு பேர் இருந்தார்கள் என்று மூவரும் பதினைந்து வருடமாகச் சொல்லிவந்தோம். வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தலைகளை எண்ணினோம். அறுபது தேறவில்லை. பின்னால் பாதி மண்டபம் காலி, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கதிரைகள் தெரிகின்றன.

இதில் எங்களுக்கு ஒரு துணை இருக்கிறது. 1976 ஜூன் 4ஆம் திகதி செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் பாண்ட் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ஒரு சின்ன மண்டபத்தில் வாசித்தது. வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான் என்பார்கள். அந்த நாற்பது பேரில் சிலர் பிறகு சொந்தமாகப் பாண்ட் தொடங்கி உலகப் பெயர் எடுத்தார்கள். இன்றைக்கு நானும் அங்கே இருந்தேன் என்று சொல்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே இல்லாதவர்கள் இருந்தோம் என்கிறார்கள். இருந்த நாங்கள் இல்லை என்றோம். இந்த வித்தியாசத்தைக் கட்டார்க்காரர்தான் எடுத்துச் சொன்னார், நள்ளிரவு ஒன்றரை மணிக்கு.

ஒருமுறை கொழும்புக்கும் போனோம், 2008 என்று நினைவு. அங்கே ஸ்டிக்மாடா போன்ற பாண்டுகள், கூட்டம் பெரிது, சத்தம் இன்னும் பாரம். ஆனால் அந்தப் பயணத்தில் எங்களுக்கு ஞாபகம் இருப்பது பாட்டல்ல, திரும்பி வந்த இரவு பஸ். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரர், கொழும்பில் என்ன வேலை என்று கேட்டார். "மியூசிக்கல் ஷோ" என்றோம். அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. "மேரியன்ஸ்த?" என்றார். "ஓவ், மேரியன்ஸ்" என்றோம். அவருக்கும் மேரியன்ஸ் பிடிக்குமாம். ஒரு பாட்டின் முதல் அடியை மெல்ல முணுமுணுத்தார். துவக்குத் தோளில் தொங்க, நடுராத்திரி, எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். உம்மாவிடம் செமினார், ஆமிக்காரரிடம் மேரியன்ஸ், பிள்ளையிடம் வேற யாரோ. இந்தப் பாட்டுகளுக்காக நாங்கள் சொன்ன பொய்களின் கணக்கு இவ்வளவுதான் என்று சொல்ல ஆசை. இன்னும் இருக்கிறது.

ஷோக்களில் பழகிய சிங்களப் பொடியன்கள் சிலர் பிறகு பேஸ்புக்கில் வந்து சேர்ந்தார்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமெல்லாம் எரிந்த கிழமையை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊரடங்கு. பேஸ்புக், வாட்ஸ்அப் முடக்கம். பத்து வருடமாகப் பேசாத ஒருவன் எங்கிருந்தோ நம்பர் தேடி லேண்ட் லைனுக்கு எடுத்தான். "மச்சான், உங்கட உம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வாங்க" என்றான். நாங்கள் போகவில்லை, போக வேண்டிய நிலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முடக்கம் எடுத்த பிறகு பேஸ்புக்கைத் திறந்தால், அதே மண்டபத்தில் எங்களோடு குதித்த இன்னொருவன் பகிர்ந்திருந்ததைக் கண்டோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று இங்கே எழுதமாட்டோம். அன்று எங்களைத் தூக்கிய கைகளில் இவனுடைய கையும் இருந்ததா என்று மூவரும் யோசித்தோம். இருந்திருக்கலாம். அவனை அன்பிரண்ட் பண்ண ஒருவருக்கு ஒரு நாள் ஆனது, ஒருவருக்கு ஒரு வருடம். ஒருவர் இன்னும் பண்ணவில்லை.

இனி அந்தப் பிள்ளையின் விஷயம். இந்தப் பதிவு அவனுக்காகத்தான்.

பஸ் நிலையத்தில் நடந்து நாலு நாளில் காலைக் கூட்டத்தில் முடி பார்த்தார்கள். அவனுடைய முடி காதை மூடியிருந்தது. முன்னால் அழைத்து, எல்லோரும் பார்க்க, ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டிவிட்டார்கள், மீதியை வீட்டில் போய் வெட்டிக்கொண்டு வரட்டும் என்று. கத்தரிக்கோல் எங்கள் கையில் இருக்கவில்லை. நாங்கள் ஆசிரியர் வரிசையில், மூன்றாவதாக நின்றோம். சிறிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தான். எங்களைத் தேடிப் பார்த்தான் என்று சொல்ல முடியாது. பார்வை எங்கள்மேல் வந்து, நிற்காமல் போனது.

2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பந்தா ஆச்சேயில் ஒரு பங்க் ஷோவுக்கு வந்த அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பொலிஸ் பிடித்தது. எல்லோரும் நம்மைப் போல் கலிமாச் சொன்னவர்களின் பிள்ளைகள். ஷோ வைத்ததே அநாதைப் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்க. தலையை மொட்டையடித்து, ஏரியில் இறக்கிக் குளிக்க வைத்து, பத்து நாள் முகாமில் வைத்து 'திருத்தி' அனுப்பினார்கள். அந்தப் படங்களை அப்போது மூவரும் பார்த்துக் கொதித்தோம். "இவங்களுக்கு அல்லாஹ்ட பயமில்லையா" என்று எங்களில் ஒருவர் ஸ்டேட்டஸ் போட்டார், பழைய பதிவுகளில் தேடினால் இன்றும் கிடைக்கும். அதற்குப் பிறகு நாங்கள் கலாசாலைக்குப் போய், பாடத்திட்டமும் பிள்ளை உளவியலும் படித்து, சான்றிதழ் எடுத்து, கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு, வரிசையில் மூன்றாவதாக நிற்கிறோம்.

பாடசாலைக்கு ஒழுங்கு வேண்டும். முடிக்கும் சட்டம் இருக்கட்டும். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கே வெட்டிக்கொண்டு வா என்று சொன்னால் அவன் வெட்டியிருப்பான், சொன்னதைக் கேட்கிற பிள்ளைதான். அதை அதிபரிடம் போன கிழமை சொல்லிவிட்டோம். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு என்ன நடக்கும் என்பதைப் பார்க்கலாம்.

அவன் எங்களிடம் வந்தது எங்களை மாட்டிவிட அல்ல என்பது அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். மாட்டிவிட நினைப்பவன் வீடியோவை வகுப்பு குரூப்பில் போட்டிருப்பான். அவன் போடவில்லை, இன்றுவரை போடவில்லை. அவனுடைய நண்பனிடம் விசாரித்ததில், வீட்டில் ஒரு பழைய கிட்டார் இருக்கிறதாம், மாமா விட்டுவிட்டுப் போனது. தந்தி இரண்டு இல்லையாம். நாலு தந்தியில் தானாகவே பழகுகிறானாம்.

மகன், பெயர் எழுதவில்லை, ஆனால் நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். முப்பத்தோராவது செக்கனில் நடுவில், ஒற்றைச் செருப்போடு நிற்பது நாங்கள்தான். அன்றைக்கு இல்லையென்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். திங்கட்கிழமை வகுப்பிலும் சொல்லுவோம், பொய்யை உன்னிடம் சொன்ன அதே வாயால். கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர் ஒரு செற் தந்தி வாங்கி வைத்திருக்கிறார். உன் வாப்பாவிடம் கேட்டுவிட்டு, அவர் சரியென்றால், அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வா. இஷாவுக்குப் பிறகு வந்தால் மூன்றாமவரும் வீடியோ கோலில் இருப்பார்.